கடனுக்கு ஈடா மனித உடல்?

"என் உடல் எனக்குரியது, அதிலொரு பகுதியை விற்க எனக்கு உரிமையில்லையா?" மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பணிபுரியும் வாலிபர் ஒருவர் ஜும்ஆ முடிந்தபின் என்னிடம் வினவினார். நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்கள் தரகர்வழி சிறுநீரகம் விற்ற செய்தி 2025ஆம் ஆண்டு வெளிவந்ததை அறிவோம்.

உடல் அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். 1988இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, உயிர்காக்க உறுப்பை மனமுவந்து அளிப்பதை நிபந்தனைகளுடன் அனுமதித்தது, விற்பதைத் தடுத்தது. நமது நாட்டின் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்விற்பனையைக் குற்றமென்கிறது.

அமானிதம் என்பதால் மனிதனுக்குத் தன் உடல்மீது அதிகாரமே இல்லை என்று கொள்ளலாகாது. காவலனாக நியமிக்கப்பட்டவன் அவனே. ஓயாது நோன்பும் தொழுகையுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உடலுக்கும் உம்மீது உரிமையுண்டு என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். வணக்கத்தின் பெயராலேயே உடலை வதைக்கலாகாது எனில், கடன் கொடுத்தவனோ, தரகனோ, கணவனோ அதன்மீது கைவைப்பது எங்ஙனம் தகும்?

சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சென்னையில் ஆராய்ந்த முடிவுகள் 2002இல் வெளியாயின. நூற்றுக்கு 96 பேர் கடனடைக்கவே விற்றனர். நூற்றுக்கு 71 பேர் பெண்கள். நான்கில் மூவர் ஆய்வின்போதும் கடனாளிகளே! ஒப்புதல் தாளில் கையொப்பமிட்டது அவர்கள் விரல். அவ்விரலை அசைத்ததோ கடன். இதனைச் சுதந்திரம் என்பதா?

ஏழையைப் பழிப்பது எளிது. கடனாளி இடருற்றால் அவகாசம் அளிக்கவும், விட்டுக்கொடுப்பது மேலென்றும் திருமறை கற்பிக்கின்றது. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் கடனாளியும் ஒருவர். நாமோ ரமலானில் ஜகாத்தைச் சில்லறையாகப் பிரித்து வாசலில் வழங்குகின்றோம். மானமுள்ள கடனாளி அவ்வரிசையில் நிற்பதில்லை. ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் அவரைத் தேடிச்சென்று, மறைவாகக் கடன் தீர்ப்பதன்றோ கடமை?

அவ்வாலிபருக்கு முதலில் சட்டம் உரைத்தேன், பின்னரே, "தம்பி, கடன் எவ்வளவு?" என்றேன். அவர் தலைகுனிந்தார். அக்கேள்வியையே நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

சகோதரர்களே! உங்கள் தெருவில் அதனைக் கேளுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.