எங்கள் ஊராட்சிக்குத் தேர்தல் எப்போது?



தமிழகத்தின் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் நாங்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்புச் சட்டம். நடத்தவில்லை. மாநில அரசு ஊராட்சிச் சட்டத்தைத் திருத்தி, தனி அலுவலர்களிடம் ஊராட்சிகளை ஒப்படைத்தது.

எங்கள் ஊரில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோனால், முன்பெல்லாம் பெண்கள் காலிக் குடத்தோடு தலைவர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். பதில் சொல்லாமல் அவர் தெருவில் நடமாட முடியாது. சாயங்காலத்துக்குள் மெக்கானிக் வந்துவிடுவார். இப்போது பஸ் பிடித்து, தனி அலுவலர் இருக்கும் ஒன்றிய அலுவலகத்துக்குப் போனால், "ஐயா மீட்டிங்ல இருக்காரு, மனுவைக் குடுத்துட்டுப் போங்க" என்கிறார்கள். அந்த அலுவலரைச் சொல்லியும் குற்றமில்லை. ஒருவர் தலையில் சராசரியாக முப்பது ஊராட்சிகள். ஆனால் அவர் சரியில்லை என்றால் ஓட்டுப் போட்டு மாற்ற எங்களால் முடியாதே!

தேர்தல் தள்ளிப்போனதற்கு வார்டு மறுவரையறை, நகராட்சிகளோடு இணைப்பு என்று அரசு காரணம் சொன்னது. ஐந்தாண்டுப் பதவிக்காலம் என்றைக்கு முடியும் என்பது பதவியேற்ற அன்றே தெரியாதா? அ.தி.மு.க. ஆட்சியில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபோதும் தேர்தல் வழக்கில் சிக்கி, மூன்றாண்டுக்கு மேல் தனி அலுவலர்கள்தான் இருந்தார்கள். அன்று அதைக் கண்டித்த தி.மு.க.வும் ஆட்சிக்கு வந்தபின் அதே வழியில்தான் போனது. எம்.எல்.ஏ.க்களின் பதவிக்காலம் முடிந்ததும் தொகுதிக்கு ஓர் அதிகாரியை நியமித்துப் பேரவையை நடத்த இந்தக் கட்சிகள் சம்மதிக்குமா?

ஊராட்சிப் பதவிகள் தலித்துகளுக்கும் பெண்களுக்கும் எளிதில் கிடைத்தவை அல்ல. தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில் போட்டியிட்டு வென்றதற்காகத் தலைவர் முருகேசன் 1997-இல் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஒரு தலித் தலைவர் பதவியில் நிலைக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்ததே 2016-இல்தான். சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ இவர்களுக்கு இவ்வளவு இடம் கிடையாது. தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் முதலில் பறிபோவது இவர்களுடைய பதவி.

ஊராட்சித் தேர்தல் தேதியை மாநிலத் தேர்தல் ஆணையம் உடனே அறிவிக்க வேண்டும். அதுவரை தனி அலுவலர்கள் போடும் ஒவ்வொரு பணி ஆணையையும், செலவுக் கணக்கையும் அந்தந்த ஊராட்சி அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஊராட்சி வாக்காளர் ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்.