உதைக்கும் பசுவை எப்படிக் கையாள்வது?

பாகூர் கொம்யூனைச் சேர்ந்த வாசகி ஒருவரின் கேள்வி இது. அவரிடம் இருப்பது தலையீற்று ஜெர்சி கலப்பினப் பசு. ஈன்று பத்து நாள் ஆகிறது. கறக்க உட்கார்ந்தாலே உதைக்கிறது. போன வாரம் பால் வாளியோடு சுவரில் மோதி விழுந்துவிட்டார். கணவர் விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவதால் சொசைட்டிக்குப் பால் ஊற்ற அவர்தான் தனியாகக் கறக்க வேண்டும். மாட்டை விற்றுவிடலாமா என்று கேட்கிறார்.

அவசரப்பட்டு விற்க வேண்டாம். பயம், வலி, கன்றின் மேல் உள்ள பாசம் என்ற மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் உதைக்குக் காரணம். எது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் மடியைப் பார்க்க வேண்டும். காம்பில் வெடிப்போ, மடியில் வீக்கமோ சூடோ இருந்தால் கை பட்டதும் வலிக்கும். முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்தால் திரி திரியாக வருவது தெரிந்துவிடும். அது மடிநோய். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலியால் உதைக்கும் மாட்டை அடித்தால் உதை கூடுமே தவிர குறையாது.

அடுத்தது, மாட்டை நெருங்கும் முறை. மாட்டுக்கு இரு பக்கமும் நன்றாகத் தெரியும். நேர் பின்னால் நிற்பவர் தெரியமாட்டார். அதனால் பின்னாலிருந்து சத்தமின்றிப் போகக் கூடாது. குரல் கொடுத்து, தோள் பக்கமாக வந்து, முதுகைத் தடவிய பிறகே மடிக்குக் கை போக வேண்டும். மாடு பின்னங்காலை முன்னும் பக்கவாட்டிலும் வீசி உதைக்கும். எனவே உடலை ஒட்டி இருக்க வேண்டும், இல்லையென்றால் கால் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே நிற்பவருக்குத்தான் பலத்த அடி விழும்.

வாசகி சுவரில் மோதியதற்கு இன்னொரு காரணம், சுவருக்கும் மாட்டுக்கும் இடையே உட்கார்ந்தது. கறப்பவர் பக்கம் சட்டென்று எழுந்து விலக இடம் இருக்க வேண்டும். தரை வழுக்கக் கூடாது. பழகும் வரை பின்னங்கால்களுக்கு அணைகயிறு போடலாம். இழுத்தால் அவிழும் முடிச்சாக இருக்கட்டும். அடுத்த கிடேரிக்கு, சினையின் கடைசி மாதங்களிலேயே மடியைத் தொட்டுப் பழக்கிவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

புதிதாக ஈன்ற பசுவுக்கும் கன்றுக்கும் நடுவில் யாரும் போகக் கூடாது. பசுவைக் கட்டிய பிறகே கன்றைத் தொட வேண்டும். சிறு பிள்ளைகளையும் நாயையும் அண்ட விடக்கூடாது.

கோமாரி தடுப்பூசி முகாமுக்கு ஓட்டிப் போகும்போதும், மாட்டுப் பொங்கலன்று வெடிச் சத்தத்தின் நடுவே குளிப்பாட்டும்போதும் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது. மாடு மிரண்டு ஓடினால் விரல் போகும், ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். கயிற்றை மடித்துப் பிடித்தால் விட வேண்டிய நேரத்தில் விடலாம்.

உதையைவிட ஆபத்தான ஒன்றும் உண்டு. மாடு எச்சில் ஒழுக்கி, தீனி விழுங்க முடியாமல், குரல் மாறிக் கத்தினால், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கைவிடுகிறார்கள். அது வெறிநோயாகவும் இருக்கலாம். கை விடாமல், மாட்டைத் தனியே கட்டிக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். அதன் பாலைப் பயன்படுத்தக் கூடாது. எச்சில் கையில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். நோய் வெளிப்பட்ட பின் ஆளைக் காப்பாற்றுவது அரிது.

நெஞ்சிலோ வயிற்றிலோ முட்டோ உதையோ பட்டால், வெளிக்காயம் இல்லை என்று சும்மா இருந்துவிடக் கூடாது. உள்ளே ரத்தம் கசியலாம். 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மடியில் நோய் இல்லாமல், இப்படியெல்லாம் பழக்கியும் பசு அடங்கவில்லை என்றால், குருமாம்பேட் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆலோசனை கேட்கலாம். விற்பதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். அதுவரை துணைக்கு ஓர் ஆள் பசுவின் தலைமாட்டில் நிற்காமல் வாசகி தனியாகக் கறக்க உட்கார வேண்டாம்.