பழைய காருக்குப் புதுத் தெம்பு



உளுந்தங்கஞ்சியும் சுக்குக் காப்பியும் பற்றி எழுதுகிறவள் திடீரென்று கார் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று மூக்கின்மேல் விரல் வைக்காதீர்கள். கிரைண்டர், தையல் மிஷின் மாதிரி காரும் இன்று வீட்டுச் சாமான்தான். பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் நம் தலையில் விழுந்த பிறகு, அதன் சுகக்கேடு மட்டும் ஆண்பிள்ளைகள் சமாசாரமாக எப்படி இருக்கும்?

எங்கள் வீட்டில் இருப்பது 1997-ல் வாங்கிய மாருதி 800. போன ஆடி மாதம் மகளையும் எட்டு மாதப் பேரனையும் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு நானே ஓட்டி வந்தேன். காவல்கிணறு தாண்டி முப்பந்தல் வந்ததும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நேர் எதிரே மோதியது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து வருவது. நாம் மேற்கு நோக்கிப் போகிறோம். முன்னால் ஒரு லாரி ஊர்ந்தது. எதிரே பஸ் தூரத்தில்தானே இருக்கிறது என்று ஒதுங்கி ஏறினேன். ஆக்ஸிலரேட்டரை அடிமட்டம் வரை மிதித்தும் வண்டி இம்மிகூட வேகம் எடுக்கவில்லை. பஸ் பெரிதாகிக்கொண்டே வந்தது. பிரேக் போட்டு லாரிக்குப் பின்னால் பதுங்கினேன். இசக்கியம்மன் கோவிலருகே நிறுத்தி, கை நடுக்கம் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தோம். தப்பு என் கணக்கில்தான். பத்து வருஷத்துக்கு முன்பு இருந்த வண்டி என்றே நினைத்து ஓட்டிவிட்டேன்.

செய்தி கேட்ட அண்ணன் மகன், "அத்தை, பெரிய கார்ப்பரேட்டர் போட்டு, சைலன்சரை மாத்தி, அகலமா டயர் போட்டா பறக்கும்" என்றான். பணத்தை எடுத்துக்கொண்டு வடசேரியில் எங்களுக்குத் தெரிந்த பழைய மெக்கானிக்கிடம் போனேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னது இது:

"எக்கா, வண்டிக்குத் தெம்பு இல்லாம இல்ல. இருக்குற தெம்பு எங்கயோ ஒழுகுது. ஓட்டைக் குடத்துல கூடக் கொஞ்சம் தண்ணி ஊத்துனா நிக்குமா?"

அந்த ஒரு வார்த்தைதான் இந்த இதழின் விஷயமே.

சின்ன எஞ்சின், சின்ன சம்பளம்

மாருதி 800-இன் முதல் சாவியை 1983 டிசம்பர் 14 அன்று அன்றைய பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோனது. அதற்குள் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வந்துவிட்டதால் இன்றும் நம் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. எஞ்சின் 796 சி.சி., மூன்றே சிலிண்டர். கார்ப்பரேட்டர் வைத்த பழைய வண்டிகளுக்கு 40-க்கும் குறைவான குதிரைச் சக்திதான்.

மாதச் சம்பளம் குறைவான வீட்டில் பத்து ரூபாய் வீணானாலும் தெரியுமே, அதுபோல இந்த எஞ்சினில் கொஞ்சம் ஒழுகினாலும் வண்டி தள்ளாடும். வண்டியின் எடையே ஏறக்குறைய 650 கிலோதான். நாலு பெரியவர்கள் ஏறினால் அதில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் கூடிவிடுகிறது. டிக்கியில் மறந்துபோன அரிசிச் சாக்கையும் பழைய பேட்டரியையும் முதலில் இறக்கிவையுங்கள். காசில்லாத வைத்தியம்!

ஒழுகும் இடங்கள்

*டயர் காற்று:* பதினைந்து நாளுக்கு ஒரு முறை, டயர் சூடாவதற்குமுன் பாருங்கள். அளவு கார் புத்தகத்தில் இருக்கிறது. காற்று குறைந்த டயர் மணலில் நடக்கிற கால் மாதிரி.

*பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்:* சமதரையில் கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, மெல்லத் தள்ளிப் பாருங்கள். (பிள்ளைகள் தூர நிற்கட்டும், ஒருவர் பிரேக்கருகே உட்கார்ந்திருக்கட்டும்.) அசைய மறுத்தால் ஏதோ சக்கரம் பிடிக்கிறது. ஓட்டி வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் காட்டுங்கள், தொடவேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் குற்றவாளி அதுதான். எங்கள் வண்டியில் இடது பின்சக்கரம். எத்தனை மாதம் பிரேக்கை இழுத்துக்கொண்டே ஓடியதோ, பாவம்!

*ஏர் ஃபில்டர்:* மூக்கடைத்த பிள்ளை ஓட முடியுமா? தூசி அடைத்தால் எஞ்சினுக்கும் அதே கதிதான். எங்களுடையதை வெயிலில் காட்டினால் மறுபக்கம் வெளிச்சமே தெரியவில்லை. புதிது மாற்றினோம்.

*பிளக்கும் கார்ப்பரேட்டரும்:* கேஸ் அடுப்பில் காற்று சரியாகக் கலந்தால் நீலச் சுடர்; கலக்காவிட்டால் மஞ்சள் சுடர், பாத்திரமெல்லாம் கரி. காரிலும் அதே கணக்குதான். மூன்று பிளக்கையும் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது சோக் முழுதாகத் திறக்கவில்லை. எண்ணெய்ப் பசை இருந்தால் எஞ்சின் தேய்ந்திருக்கிறது.

*உப்புக் காற்று:* நம் ஜில்லாவில் எங்கே போனாலும் கடல் கூப்பிடு தூரம்தான். பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா? மெக்கானிக்கிடம் சொல்லி முனைகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, உலர்த்தி, வாசலின் தடவச் சொல்லுங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரும் துருப்பிடிக்கும். இடவப்பாதி மழை ஒன்று, ஐப்பசி மழை ஒன்று என்று நமக்கு இரண்டு மழைக்காலம் அல்லவா? ஒவ்வொன்றும் முடிந்ததும் வண்டியின் அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

*பெட்ரோல் குழாய்:* இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அதில் பெட்ரோலைவிடச் சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே மைலேஜ் சற்றுக் குறைந்தால் திகைக்க வேண்டாம். ஆனால் பழைய ரப்பர் குழாய்களை அது கெடுக்கக்கூடும். வண்டிக்குள் பெட்ரோல் வாடை வந்தால் அன்றைக்கே எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிடுங்கள். தீக்கு இடம் கொடுக்கக் கூடாது.

இத்தனையும் பார்த்த பிறகும் இழுக்கவில்லை என்றால், மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளந்து தரச் சொல்லுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்தால் வால்விலோ ரிங்கிலோ குறை. அதைச் சரிசெய்யாமல் மற்றதற்குச் செலவழிக்கும் பணம் கடலில் கரைத்த பெருங்காயம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் அதையும் மாற்றிவிடுங்கள்.

தாய்மார்கள் கவனத்துக்கு

"எங்க பிள்ளைக்குக் கார்ல ஏறினாலே தலைவலி, குமட்டல்" என்று பல தாய்மார்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அது வண்டி ஆட்டத்தால் வருவதுதான். ஆனால் பழைய காரில் இன்னொரு காரணமும் இருக்கலாம். சைலன்சர் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் புகை தரை வழியாக உள்ளே வரும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. பிராணவாயுவைவிட 200 மடங்குக்குமேல் வலுவாக நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஆபத்து அதிகம். வண்டியில் இருந்த எல்லோருக்கும் ஒருசேரத் தலை வலித்து, கீழே இறங்கிக் காற்றாட நின்றதும் குறைந்தால் சந்தேகப்படுங்கள். உடனே டாக்டரைப் பாருங்கள். குழாயைச் சரிசெய்யும்வரை வண்டியைத் தொடாதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடவும் கூடாது.

சைலன்சர் விஷயத்தில் என் அண்ணன் மகன் சொன்னதில் பாதி சரி. மாற்றத்தான் வேண்டியிருந்தது, ஆனால் சத்தம் போடுகிற புது மாடல் அல்ல. வண்டிக்கு உரிய அதே மாடல். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றத் தடை போடுகிறது. நாளைக்கு விபத்தென்றால் இன்ஷூரன்ஸ் பணமும் தகராறாகிவிடும்.

வேகத்துக்கு முன்னால் நிறுத்தம்

தெம்பு திரும்பிய வண்டியை நிறுத்தவும் தெரியவேண்டுமே! பிரேக் லைனிங், பிரேக் ஆயில், டயரின் வயது எல்லாவற்றையும் அதே நாளில் பார்த்துவிட்டோம்.

பிறகு ஓட்டுகிற கை. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை ஏறும்போது நான் எப்போதும் நான்காவது கியரிலேயே இழுத்துப் பார்ப்பேன். "எக்கா, அது முக்குறது காதுல விழலியா? மேட்டுக்கு முன்னாலயே மூணு, தேவைன்னா ரெண்டுன்னு மாத்துங்க" என்றார் மெக்கானிக். கிளட்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கத்தையும் விடச் சொன்னார். மேடு ஏறும்போதும் முந்தும்போதும் ஏ.சி.யை அணைத்துவிட்டால் அந்தச் சக்தியும் சக்கரத்துக்கு வந்துவிடும்.

மொத்தச் செலவு, அண்ணன் மகன் சொன்ன கார்ப்பரேட்டர் விலையைவிடக் குறைவு. ஐப்பசியில் மறுபடி மகளைக் கொண்டுவிடப் போனேன். வண்டி நன்றாகவே இழுத்தது. முன்னால் ஒரு லாரி. எதிரே ஒரு பஸ், தூரத்தில்தான். முந்தியிருக்கலாம். ஆனால் லாரிக்குப் பின்னாலேயே நிதானமாகப் போனேன். வண்டிக்குத் தெம்பு வந்ததைப் போல எனக்கும் கொஞ்சம் புத்தி வந்திருக்கவேண்டாமா? பின்சீட்டில் பேரன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

இந்த வாரமே ஒரு காலை நேரம், காப்பி குடித்த கையோடு, வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து பாருங்கள். உங்கள் குடத்தில் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். அடுத்த இதழில் சந்திப்போம்.