எண்ணூரின் வாயை அடைத்தது மணல் மட்டுமா?

எண்ணூர் முகத்துவாரம் தூர்ந்துபோகிறது என்றதும் அரசுக்குத் தோன்றும் தீர்வு ஒன்றுதான்: மணலை வாரு. வார வேண்டும்தான், மீனவர்களே கேட்பது அது. ஆனால் மணல் ஏன் திரும்பத் திரும்பச் சேர்கிறது என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு அந்த ஆற்றைக் காப்பாற்ற முடியாது.

கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் இடம் எண்ணூர். அங்கே ஆறு நாள்தோறும் இரண்டு முறை மூச்சுவிடுகிறது. ஏற்றத்தின்போது கடல்நீர் உள்ளே வருகிறது. உப்பையும் உயிர்வளியையும் இறால் குஞ்சுகளையும் கொண்டுவருகிறது. வற்றத்தின்போது கழிவின் ஒரு பகுதியை வெளியே இழுத்துச் செல்கிறது. வாய் குறுகினால் இந்த மூச்சு திணறுகிறது. தேங்கிய நீரில் சாக்கடை அழுகி உயிர்வளியைத் தின்கிறது, மீன்கள் மடிகின்றன.

அந்த வாயைத் திறந்து வைத்திருப்பது யார்? வெளியேறும் நீரின் வேகம்தான். உள்ளே எவ்வளவு நீர் புகுகிறதோ அவ்வளவுதான் வெளியேறும். சென்னைக் கரையில் ஓதத்தின் உயரமே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்பதால், உள்ளே பரந்து ஆழ்ந்த நீர்ப்பரப்பு இருந்தாக வேண்டும். அந்தப் பரப்பில்தான் அனல்மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் படிந்து கிடக்கிறது. அலையாத்திக் காடும் உப்பளமும் இருந்த இடங்களைத் தொழிற்சாலைகளும் துறைமுகக் கட்டுமானங்களும் எடுத்துக்கொண்டன. வயிற்றை நிரப்பிவிட்டு வாய் ஏன் அடைபட்டது என்று கேட்கிறார்கள். கரையோரம் வடக்கு நோக்கி நகரும் மணலைத் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் மறிப்பது இன்னொரு காரணம்.

வாய் திறந்தால் மட்டும் போதுமா? 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையோடு மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு வந்தது. முகத்துவாரம் அதைக் கடலுக்கும் தள்ளியது. ஓதம் அதைக் கரைகளிலும் அலையாத்தி வேர்களிலும் பூசியது. மூலத்தை அடைக்காமல் வாயைத் திறப்பது நஞ்சை இடம் மாற்றுவது மட்டுமே.

அந்த எண்ணெயை வாளியாலும் கையாலும் அள்ளியவர்கள் மீனவர்கள். இந்த நாட்டில் அழுக்கை யார் உண்டாக்குவது, யார் அள்ளுவது என்பது தற்செயலாக முடிவாவதில்லை. சாம்பல் குளத்தின் ஓரத்தில் மூச்சுத் திணறும் செப்பாக்கம் தலித் மக்களின் ஊர் என்பதும் தற்செயல் அல்ல.

நம் பக்கத்திலும் பேச வேண்டியது உண்டு. எண்ணூரோடு பக்கிங்காம் கால்வாயால் இணைந்த பழவேற்காட்டில், நல்ல மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் 'பாடு' முறை இருக்கிறது. அது பட்டினவர் ஊர்களின் உரிமை. தலித்துகளும் இருளர்களும் அந்த வட்டத்துக்கு வெளியே. நீர் சுருங்கச் சுருங்க இந்த வேலி இறுகும். இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்குப் படகும் இல்லை, பாடும் இல்லை. எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு படகு ஒன்றுக்கு 10,000 ரூபாய் அறிவித்தார்கள். படகே இல்லாதவரின் இழப்பை எந்த அளவுகோலால் அளப்பது? சேறும் எண்ணெயும் முதலில் தொடுவது அவர் உடலைத்தான்.

எனவே கோரிக்கை மணலோடு நிற்கக் கூடாது. ஆற்றுக்குள் கிடக்கும் சாம்பலை அகற்று. ஆக்கிரமித்த நீர்ப்பரப்பைத் திருப்பிக் கொடு. கழிவை அது பிறக்கும் இடத்திலேயே நிறுத்து. கழிமுகம் பற்றிய எந்த முடிவிலும் இருளருக்கும் தலித் மீனவருக்கும் சம இடம் கொடு. ஓதம் உள்ளே வரும்போது சாதி கேட்பதில்லை. அது கொண்டுவரும் இறாலில் மட்டும் சாதி பார்ப்போம் என்றால், நாம் மீட்பது ஆற்றை அல்ல, பழைய அதிகாரத்தை.