கேள்வி நேரம்: யூரியாவை ஒரேயடியாக நிறுத்தலாமா?

“எங்களுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை. இந்தச் சம்பாவிலிருந்து யூரியாவே வேண்டாம், முழுக்க இயற்கைதான் என்கிறார் என் வீட்டுக்காரர். நகைக்கடன் இருக்கிறது, வீட்டில் ஒரே ஒரு பசு. இலங்கையில் ரசாயன உரத்தை நிறுத்தியதால் நெல் விளைச்சலே விழுந்துவிட்டது என்கிறார்களே, நாங்கள் துணிந்து இறங்கலாமா?”

- வாசகி, திருவாரூர் மாவட்டம்.

இறங்கலாம் சகோதரி. ஆனால் இரண்டு ஏக்கரிலும் ஒரே போகத்தில் வேண்டாம்.

இலங்கை அரசு 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பரிலேயே தடையை விலக்கிக்கொண்டது. அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டதால் நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது, அரிசியை வெளியிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று. நாடு முழுவதற்கும் போதுமான தொழுவுரமும் பசுந்தாளும் தயாராகும் முன்பே உரத்தை நிறுத்தியதுதான் அங்கே நடந்த கோளாறு.

உங்கள் வயலுக்கும் அதே கணக்குதான். சம்பாவில் உயர் விளைச்சல் ரகத்துக்கு ஏக்கருக்குச் சுமார் 60 கிலோ தழைச்சத்து பரிந்துரைக்கிறார்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20 கிலோவுக்குச் சற்று அதிகம். ஒரு டன் தொழுவுரத்திலோ சுமார் 5 கிலோதான். அதுவும் முதல் போகத்திலேயே முழுதாகக் கிடைக்காது. ஆக, ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடாக நான்கு டன் எரு வேண்டும். ஒரு பசு நாளுக்கு 10 கிலோ சாணம் போட்டாலும் ஆண்டுக்கு மூன்றரை டன். மக்கிய பின் அதில் பாதி மிஞ்சினாலே அதிகம். பஞ்சகவ்யாவும் ஜீவாமிர்தமும் பயிரை ஊக்குவிக்கும். ஆனால் அவற்றில் உள்ள தழைச்சத்து சொற்பம். எருவுக்கு மாற்றாக அவற்றை நம்ப வேண்டாம்.

எனவே முதலில் அரை ஏக்கர் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி முதல் வாரத்தில் 10 கிலோ தக்கைப்பூண்டு விதையுங்கள். பூக்கும் தறுவாயில், 45 நாளுக்குள் மடக்கி உழுது, ஒரு வாரம் பத்து நாள் கழித்து நடுங்கள். நன்றாக வளர்ந்தால் ஏக்கருக்குச் சுமார் 25 கிலோ தழைச்சத்து கிடைக்கும். உங்கள் பசுவின் எரு முழுவதையும் இந்த அரை ஏக்கருக்கே கொடுங்கள். மாப்பிள்ளைச் சம்பா போன்ற பாரம்பரிய ரகம் நடலாம். அதிகத் தழைச்சத்து கொடுத்தால் சாய்ந்துவிடும் ரகங்கள் அவை, குறைவே போதும். அறுவடைக்கு ஒரு வாரம் முன் நெல் தாளுக்குள்ளேயே உளுந்து தெளித்துவிடுங்கள்.

மீதி ஒன்றரை ஏக்கரில் யூரியாவைக் குறையுங்கள். நெல் வயலில் போடும் யூரியாவில் பாதிக்கு மேல் பயிருக்குப் போவதே இல்லை. காற்றிலும் தண்ணீரிலும் கரைந்துபோகிறது. வேளாண் விரிவாக்க மையத்தில் இலை வண்ண அட்டை கேட்டு வாங்கி, பயிர் கேட்கும்போது மட்டும் பிரித்துப் போட்டால் விளைச்சல் குறையாமலே செலவு குறையும்.

இயற்கை விவசாயம் ஊருக்கே சோறு போடுமா என்ற கேள்வியும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு விளைச்சல் குறைகிறது. பயறு வகைகளிலும் பழமரங்களிலும் வித்தியாசம் குறைவு. மண்ணைத் தயார் செய்யாமல் மாறுகிறவருக்கு நட்டம் இதைவிட அதிகமாகும். நகைக்கடன் உள்ள வீடு அதைத் தாங்காது.

அரை ஏக்கரின் வரவு செலவைத் தனி நோட்டில் எழுதி வாருங்கள். முதல் ஆண்டு நெல்லை வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாமல் சந்தையில் கூடுதல் விலை கிடைப்பது கடினம். இரண்டு சம்பா முடிந்ததும் நோட்டைப் பார்த்து, அடுத்த அரை ஏக்கரை வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.