ஹார்மோனிக் மைனர்: எல்லாம் ஒரு சுரத்தில் இருக்கிறது

கிடார் கற்றுக்கொள்கிறவர்கள் மேஜர், மைனர் ஸ்கேல்களை முடித்த கையோடு ஆசையாகத் தாவுவது ஹார்மோனிக் மைனருக்குத்தான். மேலும் கீழும் சும்மா ஓட்டினாலே போதும். பாலைவனம், பாம்பாட்டி, மர்மப் படம் என்று ஏதோ ஒரு வாசனை வந்துவிடும். ஆனால் அப்படி ஓட்டுவது மெலடி ஆகாது என்பது என் கட்சி. மாதக்கணக்கில் இந்த ஸ்கேலைச் சாதகம் செய்தவர்களிடம் "நாலு வரி ட்யூன் போடு" என்றால் விழிப்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஏ மைனரை எடுத்துக்கொள்வோம். சாதாரண மைனரில் ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி. இதில் ஜி-யை மட்டும் ஒரு ஃபிரெட் ஏற்றி ஜி ஷார்ப் ஆக்கினால் ஹார்மோனிக் மைனர். எதற்காக ஏற்ற வேண்டும்? பதில் பெயரிலேயே இருக்கிறது: ஹார்மனிக்காக, அதாவது கார்டுக்காக. ஏ மைனரில் ஐந்தாவது கார்டு ஈ மைனர். அதிலிருந்து ஏ மைனருக்குத் திரும்பினால் வீடு வந்து சேர்ந்த நிறைவு அவ்வளவாக இருக்காது. ஈ மேஜர் ஆக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஜி ஷார்ப், ஏ-க்கு ஒரே ஃபிரெட் கீழே நின்றுகொண்டு "மேலே போ, மேலே போ" என்று இழுக்கும். மூன்றாவது கம்பியின் முதல் ஃபிரெட்டில் நீங்கள் வைக்கும் ஆட்காட்டி விரல்தான் அந்தச் சுரம். அதை எடுத்துவிட்டால் மறுபடியும் ஈ மைனர்.

ஆக, ஜி ஷார்ப்புக்கு ஒரு வேலை இருக்கிறது. வேலை இல்லாத இடத்தில் அதை வாசித்தால் இடிக்கும். ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' (1976) நல்ல உதாரணம். பி மைனரில் தொடங்கி, இரண்டாவது கார்டாக எஃப் ஷார்ப் மேஜர் வருகிறது. அதில் ஏ ஷார்ப் உண்டு. அதாவது ஹார்மோனிக் மைனர். மூன்றாவது கார்டோ ஏ மேஜர். ஏ ஷார்ப் போய், சாதாரண ஏ வந்துவிட்டது! பாட்டு முழுக்க ஒரே ஸ்கேலை ஓட்டுகிறவர் இங்கேயே மாட்டிக்கொள்வார். டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் வாசிக்கும் கடைசி சோலோ கார்டுகளின் கையைப் பிடித்துக்கொண்டே போகிறது. அதனால்தான் அதை வாயால் பாட முடிகிறது.

"அப்படியானால் கீரவாணி?" என்று நம் ஊரில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 21வது மேளமான கீரவாணியின் சுரங்கள் அச்சு அசலாக இவைதான். ஆனால் அங்கே கார்டு மாறுவதில்லை, கீழே ஒலிப்பது சுருதி மட்டும். அதனால் காகலி நிஷாதம் எங்கேயும் இடிக்காது, ராகத்தின் குணமாகவே நிற்கும். ஒரே ஏ மைனர் கார்டை வைத்துக்கொண்டு வாசிப்பதென்றால் அந்த வழியில் போகலாம். கார்டுகள் மாறும் பாட்டில் அந்தச் சுதந்திரம் கிடையாது.

இங்வே மால்ம்ஸ்டீன் வேகமாக ஓட்டவில்லையா என்று அடுத்த கேள்வி வரும். ஓட்டினார். ஆனால் 'ரைசிங் ஃபோர்ஸ்' (1984) கேட்டுப் பாருங்கள், பரோக் பாணியில் நகரும் கார்டுகளின் மேல்தான் அந்த ஓட்டம். பார்த்துக் கற்றவர்களில் பலர் வேகத்தை எடுத்துக்கொண்டு கார்டுகளை விட்டுவிட்டார்கள்.

ட்யூன் போட விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஏ மைனர், எஃப், சி, ஈ என்று நாலு கார்டைப் பதிவு செய்து ஓடவிடுங்கள். கிடாரைக் கீழே வைத்துவிட்டு முதலில் முணுமுணுங்கள். முதல் மூன்று கார்டுக்கும் சாதாரண ஜி போதும். சி கார்டுக்குள்ளேயே ஜி இருப்பதால் அங்கே ஜி ஷார்ப் உறுத்தும். ஈ வரும்போது ஜி ஷார்ப்பைத் தொட்டு, ஏ மைனர் வரும்வரை பிடித்து வைத்து, பிறகு ஏ-யில் இறங்குங்கள். பாலைவன வாசனைதான் வேண்டுமென்றால் அது எஃப்பிலிருந்து ஜி ஷார்ப்புக்குத் தாவும் மூன்று ஃபிரெட் இடைவெளியில் இருக்கிறது. அந்தத் தாவலையும் ஈ கார்டின் மேல் ஒரே ஒரு முறை வையுங்கள். பிரியாணியில் ஏலக்காய் மாதிரி, ஒன்று கடிபட்டால் மணம், வாய்க்கு வாய் கடிபட்டால் எரிச்சல்.

ஸ்கேலை மனப்பாடம் செய்ய ஒரு வாரம் போதும். அந்த ஒரு சுரத்துக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொள்ளத்தான் நாளாகும். அந்தக் காத்திருப்பு இருந்தால், வேகமே இல்லாதவர்கூட நல்ல மெலடி எழுதிவிடலாம்.