வகுப்பறையிலேயே நடக்கட்டும்

ஐரோலி வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு புதுக் கவலை சேர்ந்திருக்கிறது. பிள்ளையின் வீட்டுப்பாடம் இப்போது நோட்டுப் புத்தகத்தோடு நிற்பதில்லை. தகப்பனாரின் செல்போனுக்கும் வருகிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது வேறு வழியின்றித் தொடங்கிய பழக்கம், பள்ளிகள் திறந்து ஆண்டுகள் கடந்த பிறகும் பல இடங்களில் நீடிக்கிறது. நால்வர் சேர்ந்து இணையத்தில் ஒரு கட்டுரை எழுதிவர வேண்டும் என்று சொல்லி அனுப்புவது ஆசிரியருக்கு எளிது. அதை நிறைவேற்றுவது எல்லா வீட்டிலும் எளிதல்ல.

கருவியைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. கூகுள் டாக்ஸ் போன்றவை காசில்லாமல் கிடைக்கின்றன. ஒரே ஏட்டில் பல பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுதலாம். யார் எந்த வரியை எழுதினார், எதை அடித்தார், எப்போது திருத்தினார் என்பது அதிலேயே பதிவாகிறது. ஆசிரியர் ஓரத்தில் குறிப்பு எழுதலாம். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழுத, மற்ற மூவர் பெயரை மட்டும் சேர்த்துக் கொள்ளும் பழைய வழக்கத்துக்கு இதில் இடம் குறைவு. சேர்ந்து உழைப்பதைச் சொல்லித்தர இது நல்ல சாதனம் என்பதில் ஐயமில்லை.

ஆனால், தானே-பேலாப்பூர் சாலைத் தொழிற்சாலையில் ஷிப்டுக்குப் போகும் தொழிலாளியின் போன் அவரோடுதான் போகும். அலுவலகக் குமாஸ்தா இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பிய பிறகுதான் போன் பிள்ளையின் கைக்கு வரும். இரண்டு பிள்ளைகள் இருந்தால் அதற்கும் முறை வைக்க வேண்டும். குழுவில் மற்ற மூவர் மாலையிலேயே எழுதி முடித்திருக்க, நான்காவது பிள்ளையின் பெயருக்கு எதிரே ஏடு வெறுமையாக இருக்கும். அது சோம்பலால் வந்த வெறுமை என்று ஆசிரியர் எண்ணிவிட்டால், அநீதி அங்கே தொடங்குகிறது.

போன் வீட்டில் இருந்தாலே படிப்பு நடந்துவிடும் என்பதற்கும் ஆதாரமில்லை. மும்பைக் குடிசைப் பகுதிகளில் பணி தொடங்கிய பிரதம் அமைப்பின் 2024-ம் ஆண்டு ஏசர் அறிக்கை, நாட்டின் கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தினரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருப்பதாகக் கூறுகிறது. போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில், முந்தைய ஒரு வாரத்தில் சமூக ஊடகம் பார்த்தவர் 76 சதவீதம். படிப்புக்குப் பயன்படுத்தியவர் 57 சதவீதம். சொந்தமாகப் போன் வைத்திருப்பதில் ஆண் பிள்ளைகளே முன்னால் இருக்கிறார்கள். நகரத்து நிலைமை சற்று வேறாக இருக்கலாம். எனினும் வழிகாட்ட ஆசிரியர் அருகில் இல்லாதபோது போன் எந்தப் பக்கம் சாயும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

ஆகவே, சேர்ந்து எழுதும் வேலை பள்ளி நேரத்தில், பள்ளியின் கணினியில், ஆசிரியரின் கண் முன்னால் நடைபெற வேண்டும் என்பதே நமது கருத்து. நாற்பது பேர் வகுப்புக்கு நாற்பது கணினி தேவையில்லை; நால்வருக்கு ஒன்றாகப் பத்து இருந்தால் போதும். ஒருவர் எழுத, ஒருவர் சொல்ல, இருவர் புத்தகம் பார்த்துத் தகவல் தேட, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாறலாம். தகுதியுள்ள பள்ளிகளுக்கு கூகுளும் மைக்ரோசாப்டும் கட்டணமின்றிப் பள்ளிக் கணக்கு தருகின்றன. பெற்றோரின் போன் எண்ணைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

நம் மாநிலத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. சோலாப்பூர் மாவட்டத்துப் பரிதேவாடி கிராமத்தின் ஜில்லா பரிஷத் பள்ளிக்கு 2009-ல் ஆசிரியராக வந்த ரஞ்சித்சிங் டிசலே, மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய பழுதடைந்த கட்டடத்தில் பாடம் நடத்தினார். பிள்ளைகளின் வீட்டுமொழி கன்னடம் என்று கண்டு, தாமும் கன்னடம் கற்றுப் பாடங்களை அம்மொழியில் அமைத்தார். க்யூ.ஆர். குறிகளைப் பாடநூலில் சேர்த்தார். ஸ்கைப் வழியாகப் பிற நாட்டு வகுப்பறைகளோடு தம் வகுப்பை இணைத்தார். 2020 டிசம்பரில் உலக ஆசிரியர் பரிசான பத்து லட்சம் டாலரைப் பெற்று, அதில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது பேருக்குப் பகிர்ந்தளித்தார். வேற்று மாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நாம், வீட்டுமொழிக்கு அவர் தந்த மதிப்பை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஐரோலியில் செய்யத்தக்கது ஒன்றைச் சொல்கிறோம். 2015-ல் சரணாலயமாகவும் 2022-ல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட தானே கழிமுகம் நம் வாசலில் இருக்கிறது. குளிர்காலம் தொடங்கியதும் பூநாரைகள் வருகின்றன. அவற்றை எண்ணி ஐரோலிப் பிள்ளைகள் ஒரு கரையிலிருந்தும், முலுண்ட் பிள்ளைகள் மறு கரையிலிருந்தும் ஒரே ஏட்டில் குறிக்கலாம். பூநாரை வரும் கோடியக்கரைப் பக்கத்துப் பள்ளி ஒன்றையும் சேர்த்துக் கொண்டால், அறிவியலோடு தமிழும் வளரும். ஆங்கில வழியில் படித்து, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிப் பழகும் நம் பிள்ளைகளுக்கு, தாராவித் தமிழ்ப் பள்ளி மாணவரோடு ஒரே பக்கத்தில் தமிழ் எழுத்திலேயே எழுதுவது நல்ல பயிற்சி.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. இலவசக் கருவி நிலையான சொத்தன்று. கூகுளின் ஜாம்போர்டு 2024-ம் ஆண்டு இறுதியில் நிறுத்தப்பட்டது. டிசலேக்கு உதவிய ஸ்கைப்பும் 2025 மே மாதம் மூடப்பட்டது. பிள்ளைகள் எழுதியதை அச்செடுத்துப் பள்ளியில் வைக்க வேண்டும். அடுத்தது, பிள்ளையின் விவரங்கள் பற்றியது. 18 வயது நிரம்பாதோரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று 2023-ம் ஆண்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. எதற்கென்று கேட்டறிந்த பிறகே பெற்றோர் கையெழுத்திட வேண்டும்.

பள்ளியின் கணினி அறை வாரத்தில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது? பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. அரை நாள் சம்பளம் போனாலும் அந்தக் கூட்டத்துக்கு ஒருவராவது போய் வர வேண்டும். நவி மும்பை மாநகராட்சியும் தனியார் பள்ளி நிர்வாகங்களும் அந்த அறைகளைத் தினமும் திறந்து வைக்க ஆவன செய்ய வேண்டும். தமிழ் அமைப்புகள் ஞாயிறு வகுப்புகளுக்கு இரண்டு பழைய கணினிகளையாவது தேடித் தரலாம். தகப்பனார் வீடு திரும்பும்வரை போனுக்காகக் காத்திருக்கும் பிள்ளையை நினைத்து இதை வலியுறுத்துகிறோம்.